தளரும் சங்கிலி: ஒற்றை வேக மிதிவண்டியின் பராமரிப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மிதிவண்டியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வண்டி நாள்தோறும் பழுதாகிச் செப்பனிடப்பட்டு மீண்டும் ஓடிய வரலாறு குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை, ஒற்றை வேக மிதிவண்டியின் மிகப் பொதுவான பழுதாகிய சங்கிலித் தளர்வை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றின் ஒரு பகுதியை ஆராய்கின்றது. 1879 முதல் சங்கிலி இயக்கம் மிதிவண்டியில் நிலைபெற்ற முறை, தளர்வை ஒழிக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள், ஃப்ரீவீலின் வருகையால் பழுதின் பொருள் மாறியமை, பின் அச்சை நகர்த்தும் எளிய ஏற்பாடு நிலைத்தமை, அவ்வண்டியும் சங்கிலியும் தமிழகத்தில் உற்பத்தியானமை ஆகியன வரிசையாக நோக்கப்படுகின்றன. சங்கிலித் தளர்வு தொழில்நுட்பத்தால் ஒழிக்கப்படவில்லை. பயன்படுத்துவோரிடமும் பழுதுபார்ப்போரிடமும் ஒப்படைக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மிதிவண்டி, உருளைச் சங்கிலி, ஃப்ரீவீல், பராமரிப்பு வரலாறு, அம்பத்தூர், பழுதுபார்ப்புப் பட்டறை

முன்னுரை

தொழில்நுட்ப வரலாற்றில் மிதிவண்டிக்குத் தனியிடம் உண்டு. ஒரு பொருளின் வடிவத்தைப் பொறியியல் தருக்கம் மட்டுமன்றிப் பயன்படுத்தும் சமூகக் குழுக்களின் தேவைகளும் தீர்மானிக்கின்றன என்ற கருத்தை விளக்க வீபே பைக்கர் தம் 'ஆஃப் பைசைக்கிள்ஸ், பேக்லைட்ஸ் அண்ட் பல்ப்ஸ்' (1995) என்னும் நூலில் மிதிவண்டியையே முதற்சான்றாக எடுத்துக்கொண்டார். உயர்சக்கர வண்டியிலிருந்து பாதுகாப்பு வண்டிக்கு மாறிய காலமே அவருடைய ஆய்வுக் களம். டேவிட் எட்ஜர்டன் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' (2006) நூலில், கண்டுபிடிப்பை விடுத்துப் பயன்பாட்டை மையமாகக் கொண்ட வரலாறு வேண்டும் என்றும், அவ்வரலாற்றில் பராமரிப்பும் பழுதுபார்ப்பும் முதன்மை பெறும் என்றும் வாதிட்டார். இந்தியச் சூழலில் டேவிட் அர்னால்டு 'எவ்ரிடே டெக்னாலஜி' (2013) நூலில் மிதிவண்டி, தையல் எந்திரம், தட்டச்சு எந்திரம், அரிசி ஆலை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, சிறு எந்திரங்கள் அன்றாட வாழ்வை மாற்றிய முறையை ஆராய்ந்தார்.

இம்மூவர் காட்டிய வழிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு வினா எழுகிறது. மிதிவண்டி நிலைபெற்ற வடிவத்தை அடைந்த பின்னரும் அதனுள் தீர்க்கப்படாமல் எஞ்சிய சிக்கல்கள் எவை? அவை யாரிடம் சென்று சேர்ந்தன? சங்கிலித் தளர்வு இவ்வினாவுக்கு ஏற்ற சான்றாகும். 1880களில் வண்டி செய்தோரை வருத்திய அதே சிக்கல், இன்றும் ஊர்ப்புற மிதிவண்டிப் பட்டறையின் அன்றாட வேலையாக இருக்கிறது. நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு பழுது தன் வடிவம் மாறாமல் நீடிப்பதை, தொழில்நுட்பம் தேங்கியதன் அடையாளமாகக் கொள்வதா, வேறொரு வகை ஏற்பாட்டின் அடையாளமாகக் கொள்வதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது. இவ்வாய்வுக்கு எழுத்துச் சான்றுகளோடு வண்டியின் அமைப்பும் ஒரு சான்றாகக் கொள்ளப்படுகிறது.

சங்கிலித் தளர்வு: பழுதின் இயல்பு

வரலாற்றுக்குள் புகுமுன் பழுதின் இயல்பை வரையறுத்தல் வேண்டும். 'சங்கிலி நீண்டுவிட்டது' என்பது பொதுவழக்கு. உண்மையில் எஃகுத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி, ஒரு குழலுக்குள் திரும்புகிறது. பல்சக்கரத்தில் ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையுமாக, இரு பல்சக்கரங்களையும் சுற்றி வருவதற்குள் ஒவ்வொரு மூட்டும் நான்கு முறை மடங்கி நிமிர்கிறது. பின் பல்சக்கரத்தில் 18 பற்கள் இருப்பின் ஒவ்வொரு மடக்கமும் 20 பாகை. முன் பல்சக்கரத்தில் 44 பற்கள் இருப்பின் ஏறத்தாழ 8 பாகை. எனவே தேய்மானத்தின் பெரும்பகுதி சிறிய பல்சக்கரத்தில் நிகழ்கிறது. ஊசியும் குழலும் தேயத்தேயக் கண்ணிகளின் இடைவெளி மிகச் சிறிதளவு கூடுகிறது; நூறு கண்ணிகளில் அது கூட்டுத்தொகையாக வெளிப்படுகிறது.

இதை எளிய கணக்கால் விளக்கலாம். இன்றைய மிதிவண்டிச் சங்கிலியின் கண்ணி இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 104 கண்ணிகள் கொண்ட சங்கிலியின் நீளம் 52 அங்குலம். அது ஒரு விழுக்காடு தேய்ந்தால் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் நீளும். அந்த நீட்சி மேற்பகுதி, கீழ்ப்பகுதி என இரண்டாகப் பிரிவதால், அதை ஈடுசெய்யப் பின் அச்சைக் கால் அங்குலத்துக்குச் சற்று மேலாகப் பின்னுக்கு நகர்த்தவேண்டும். இந்தக் கால் அங்குலமே இக்கட்டுரை பேசும் வரலாற்றின் மையம்.

வண்டி ஓட்டுபவர் 'செயின் நழுவுகிறது' என்று கூறும்போது அது வெவ்வேறு பழுதுகளைக் குறிக்கக்கூடும். முதலாவது, தளர்ந்த சங்கிலி பல்சக்கரத்தைவிட்டு முற்றிலும் கழன்றுவிழுதல். முன், பின் பல்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் அமையாதபோது இது மிகும். இரண்டாவது, சங்கிலி கழலாமல் பற்களின்மீது ஏறித் தாவுதல். கண்ணி இடைவெளி பெருகிய சங்கிலி பல்லின் அடியில் அமராமல் நுனியை நோக்கி ஏறுவதும், பற்கள் கொக்கிபோல் தேய்வதும் இதன் காரணங்கள். தேய்ந்த பல்சக்கரத்தில் புதிய சங்கிலியை மாட்டினாலும் இது நிகழும். மூன்றாவது, சங்கிலி பற்களில் சரியாக அமர்ந்திருக்கும்போதே மிதி வெறுமனே முன்னோக்கிச் சறுக்குதல். இது ஃப்ரீவீலின் உள்ளிருக்கும் நாக்குப் போன்ற எஃகுத்துண்டுகள் பிடிக்காமையால் வருவது. சங்கிலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான்காவதாக, அச்சு மரைகள் இறுகாமையால் மிதிக்கும் விசையில் பின் அச்சின் வலப்பக்கம் முன்னோக்கி இழுபடுதல். அப்போது சக்கரம் சாய்ந்து டயர் இடப்பக்கக் கவையில் உரசும். சங்கிலியும் உடனே தளரும். உணர்வால் ஒன்றுபோல் தோன்றும் இந்நான்கையும் பிரித்தறிவதே பழுதுபார்ப்பின் முதற்படி. இவை ஒவ்வொன்றும் மிதிவண்டி வரலாற்றின் வெவ்வேறு கட்டத்தில் தோன்றியவை என்பதும் கருதத்தக்கது.

சங்கிலியின் வருகை

1860களின் பிரெஞ்சு வண்டிகளிலும் 1870களின் உயர்சக்கர வண்டிகளிலும் சங்கிலி இல்லை. மிதிகள் முன்சக்கர அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. மிதியின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. எனவே வேகம் வேண்டின் சக்கரத்தைப் பெரிதாக்குவதே வழி. ஓட்டுபவரின் கால்நீளம் சக்கரத்தின் விட்டத்துக்கு எல்லை வகுத்தது. இவ்வண்டி ஆபத்தானது; முன்புறம் தலைகுப்புற வீழ்தல் அதன் இயல்பான விபத்து. ஆயினும் தளர்வதற்கு அதில் ஏதுமில்லை.

சங்கிலி முதலில் முச்சக்கர, நாற்சக்கர வண்டிகளில் இடம்பெற்றது. ஜேம்ஸ் ஸ்டார்லி 1877இல் வடிவமைத்த 'சால்வோ' அதற்குச் சான்று. இருசக்கர வண்டியில் பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் அமைப்புக்கு ஹென்றி லாசன் 1879இல் காப்புரிமை பெற்றார்; அவ்வண்டிக்கு அவர் இட்ட பெயர் 'பைசைக்கிளெட்'. 1884இல் வெளிவந்த 'கங்காரு' வண்டியில் முன்சக்கரத்தின் இருபுறமும் தனித்தனிச் சங்கிலிகள் இருந்தன. ஒவ்வொரு காலும் தன் சங்கிலியைத் தானே இழுத்தது. கால் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் மாறும் இடங்களில் சங்கிலியின் இழுபக்கம் மாறுவதால், சிறிதளவு தளர்வும் ஒவ்வொரு சுற்றிலும் அதிர்ச்சியாக வெளிப்படும் அமைப்பு அது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' ஒரே சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கியது. அன்றிலிருந்து மிதிவண்டியின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை.

ரோவரின் வெற்றிக்குக் காரணம் சங்கிலி சக்கர அளவையும் வேகத்தையும் பிரித்ததே. 30 அங்குலச் சக்கரத்தை 2:1 என்ற பல் விகிதத்தில் இயக்கினால் 60 அங்குல உயர்சக்கர வண்டியின் வேகம் கிட்டும். ஓட்டுபவரின் பாதம் தரையை எட்டும். பாதுகாப்பு வண்டி என்ற பெயருக்கு அடிப்படை இதுவே. அந்தப் பாதுகாப்பின் விலையாகத் தேயும் நூறு மூட்டுகள் வண்டிக்குள் நுழைந்தன.

உருளைச் சங்கிலி

சுவிட்சர்லாந்தில் பிறந்து 1873இல் மான்செஸ்டருக்கு வந்த ஹான்ஸ் ரெனால்டு, 1879இல் ஜேம்ஸ் ஸ்லேட்டரின் சிறு சங்கிலித் தொழிலகத்தை வாங்கினார். ஸ்லேட்டர் 1864இலேயே உருளையுடைய சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதில் உருளை நேரடியாக ஊசியின்மீது சுழன்றது. மடக்கத்தின் சுமையைத் தகட்டின் ஒடுங்கிய துளை விளிம்பே தாங்கியது. ரெனால்டு 1880இல் உட்தகடுகளுக்கிடையே ஒரு குழலைப் பொருத்தி, அதற்குள் ஊசியும் அதன்மேல் உருளையும் சுழலுமாறு செய்தார். சுமை குழலின் முழு நீளத்திலும் பரவியதால் தேய்மானம் பெரிதும் குறைந்தது. இன்றளவும் மிதிவண்டி முதல் ஆலை எந்திரம் வரை புழங்கும் உருளைச் சங்கிலியின் அடிப்படை இதுவே.

எனினும் இச்சங்கிலி உடனே எங்கும் பரவிவிடவில்லை. ஒரு அங்குல இடைவெளியுடைய கட்டைச் சங்கிலி நெடுங்காலம் அதனோடு போட்டியிட்டது. திண்மையான எஃகுக் கட்டைகளைப் பக்கத்தகடுகளால் இணைத்த அச்சங்கிலிக்கு உருளைகள் இல்லை. பல்லின்மீது கட்டை உரசியே அமரும். எளிமையும் உறுதியும் அதன் சிறப்புகள். ஆர்ச்சிபால்டு ஷார்ப் 1896இல் வெளியிட்ட 'பைசைக்கிள்ஸ் அண்ட் ட்ரைசைக்கிள்ஸ்' என்னும் பெருநூல் சங்கிலியையும் பற்களின் வடிவத்தையும் விரிவாக ஆராய்கின்றமை, அக்காலப் பொறியியலில் சங்கிலி பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது. பின்னர் அரை அங்குல உருளைச் சங்கிலி பொதுத்தரமாகியது. ஒற்றை வேக வண்டிக்கு உள் அகலம் எட்டில் ஒரு அங்குலம். தரப்பாடு தேய்மானத்தை ஒழிக்கவில்லை. ஆனால், தேய்ந்த சங்கிலியை எந்த ஊரிலும் மற்றொன்றால் மாற்றமுடியும் என்ற நிலையை உருவாக்கியது. பராமரிப்பு வரலாற்றில் இதன் முக்கியத்துவம் ரெனால்டின் கண்டுபிடிப்புக்குக் குறைந்ததன்று.

தளர்வை ஒழிக்கும் முயற்சிகள்

1890களில் மிதிவண்டி மோகம் உச்சத்தை எட்டியபோது, சங்கிலியின் குறைகளுக்குப் பல தீர்வுகள் முன்வைக்கப்பட்டன. அவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை சங்கிலியையே நீக்குவது. பல்லிணைகளும் சுழல்தண்டும் கொண்டு பின்சக்கரத்தை இயக்கும் வண்டிகள் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வெளிவந்தன. ஆல்பர்ட் போப்பின் 'கொலம்பியா' நிறுவனம் 1898ஆம் ஆண்டுக்கான தன் சங்கிலியிலா வண்டியைப் பெரும் விளம்பரத்துடன் விற்றது. அழுக்கின்மை, தளர்வின்மை ஆகியன அதன் ஈர்ப்புகள். ஆனால் விலையும் எடையும் மிகுதி. பல்லிணைகளைத் துல்லியமாகச் சரிசெய்யத் தனிப்பயிற்சி வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றுவது கடினம். அதாவது பழுது அரிதாயிற்று. ஆனால் வந்த பழுது ஓட்டுபவரின் கைக்கு எட்டாததாயிற்று.

இரண்டாம் வகை சங்கிலியின் வடிவத்தை மாற்றுவது. வில்லியம் சிம்ப்சனின் நெம்புகோல் சங்கிலி இதற்குப் புகழ்பெற்ற சான்று. முக்கோணக் கண்ணிகள் கொண்ட அச்சங்கிலி கூடுதல் ஆற்றல் தரும் என்று உரிமை கோரப்பட்டது. இயந்திரவியலின்படி அது இயலாதது. ஆயினும் 1896இல் லண்டனின் கேட்ஃபோர்டு ஓட்டக்களத்தில் இதற்காகவே பந்தயங்கள் நடத்தப்பட்டன. துலூஸ் லோத்ரெக் இதற்கு விளம்பர ஓவியமும் வரைந்தார். இன்று அச்சங்கிலி ஓவியத்தின் வழியாகவே நினைவுகூரப்படுகிறது.

மூன்றாம் வகை சங்கிலியை மூடிப் பாதுகாப்பது. புழுதியும் சேறும் ஊசிக்கும் குழலுக்கும் இடையே புகுந்து அரைப்பதே விரைவான தேய்மானத்துக்குக் காரணம் என்பதை உணர்ந்தோர், எண்ணெய் நிறைந்த உறைக்குள் சங்கிலியை ஓடவிட்டனர். உல்வர்ஹாம்ப்டன் நகரின் 'சன்பீம்' வண்டிகள் இவ்வுறையால் பெயர்பெற்றன. இவ்வழி பயனளித்தது, ஆனால் உயர்விலை வண்டிகளுக்கே உரியதாக இருந்தது. எண்ணெய் இல்லாத எளிய தகட்டு உறையாக அது பொது வண்டிகளுக்கு வந்துசேர்ந்தது. புடவை, வேட்டி அணிவோர் ஓட்டும் நம் நாட்டு வண்டிகளில் 'செயின் கவர்' இன்றியமையாததாயிற்று. அதன் முதன்மைப் பயன் சங்கிலியிலிருந்து துணியைக் காப்பது என்றாக மாறியது. முழு உறைக்குள் சங்கிலி கழன்றுவிட்டால் அதை மீண்டும் மாட்டுவது இருமடங்கு வேலை என்பதும் இதன் விளைவு.

ஃப்ரீவீல்: பழுதின் பொருள் மாற்றம்

தொடக்கக் காலப் பாதுகாப்பு வண்டிகளில் பின் பல்சக்கரம் சக்கரத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழலும். வேகத்தைக் குறைக்க ஓட்டுபவர் மிதியைப் பின்னோக்கி அழுத்துவார். அப்போது சங்கிலியின் கீழ்ப்பகுதி இழுவிசை பெறும். முன்னோக்கி மிதிக்கும்போது மேற்பகுதி, தடுக்கும்போது கீழ்ப்பகுதி என இருபுறமும் மாறிமாறி இழுபடும் அமைப்பில், சிறிதளவு தளர்வும் ஒவ்வொரு மாற்றத்திலும் இடிபோல் உணரப்படும். சரிவில் சங்கிலி கழன்றால் தடுக்கும் ஆற்றலும் உடன் போய்விடும். சங்கிலி பல்சக்கரத்துக்கும் கவைக்கும் இடையே சிக்கினால் சக்கரமே நின்றுவிடும். எனவே 1890களின் ஓட்டுபவருக்குச் சங்கிலித் தளர்வு உயிர் தொடர்பான செய்தி.

நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் ஃப்ரீவீல் பரவியது. மிதி நின்றாலும் சக்கரம் சுழலும் நிலை வந்தபின், சங்கிலியின் கீழ்ப்பகுதி ஒருபோதும் இழுவிசை பெறுவதில்லை. தடுக்கும் பணி தனித்த பிரேக்குகளுக்கு மாறியது. தளர்ந்த சங்கிலியுடனும் வண்டி ஓடும். கழன்றாலும் பிரேக் பிடிக்கும். அதே அளவு தளர்வு, ஆபத்து என்ற நிலையிலிருந்து தொல்லை என்ற நிலைக்கு இறங்கியது. பின்மிதி அழுத்தத்தால் பிரேக் பிடிக்கும் வண்டிகளில் மட்டும் பழைய நிலை தொடர்ந்தது.

இம்மாற்றம் கருதத்தக்கது. ஒரு பழுதின் தன்மை அதன் அளவால் மட்டும் அமைவதன்று. அது வேறெந்த உறுப்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதால் அமைவது. ஃப்ரீவீல் சங்கிலியைச் சரிசெய்யவில்லை. சங்கிலியின் பழுதைப் பொறுத்துக்கொள்ளத்தக்கதாக்கியது. பொறுத்துக்கொள்ளத்தக்க பழுதைக் கண்டுபிடிப்பாளர்கள் விட்டுவிட்டனர்; அது பழுதுபார்ப்போருக்கு உரியதாயிற்று. கூடவே, ஃப்ரீவீலின் உள் உறுப்புகள் பிடிக்காமற் சறுக்குதல் என்னும் புதிய பழுதும் வந்துசேர்ந்தது. முன்னர்க் கூறிய நால்வகைப் பழுதுகளில் மூன்றாவது இவ்வாறு தோன்றியதே.

அச்சுப் பிளவு என்னும் தீர்வு

நிலைத்த தீர்வு மிக எளியது. பின் கவையின் இருமுனைகளிலும் அச்சு அமரும் துளையை வட்டமாக்காமல் பின்னோக்கித் திறந்த நீள்பிளவாக அமைத்தனர். சங்கிலி தளருந்தோறும் அச்சைப் பின்னுக்கு இழுத்து இறுக்கலாம். அச்சில் மாட்டிய வளையத்தோடு கூடிய ஒரு சிறு மரையாணி, கவையின் நுனியில் தாங்கி நின்று, அச்சு முன்னோக்கி நழுவாமல் காத்தது. பட்டறை வழக்கில் 'செயின் அட்ஜஸ்டர்' எனப்படுவது இதுவே. மிதியச்சை மையம் விலகிய உருளைக்குள் பொருத்தித் திருப்பும் முறையும் உண்டு. அது இருவர் ஓட்டும் வண்டிகளின் முன்சங்கிலிக்கே பெரிதும் பயன்பட்டது.

பிளவின் நீளத்துக்கும் சங்கிலியின் கணக்குக்கும் பொருத்தம் உண்டு. வழக்கமான சங்கிலியில் அகன்ற கண்ணியும் குறுகிய கண்ணியும் மாறிமாறி வருவதால் இரண்டிரண்டாகவே, அதாவது ஒரு அங்குலமாகவே குறைக்கமுடியும். ஒரு அங்குலம் குறைத்தால் அச்சு அரை அங்குலம் முன்னுக்கு வரும். ஆகவே பிளவில் அரை அங்குலத்துக்கு மேல் இடமிருந்தால், அச்சைப் பின்னுக்கு இழுத்து இடம் தீர்ந்தபின் இரு கண்ணிகளைக் கழற்றி மீண்டும் முன்னிருந்து தொடங்கலாம். இது சங்கிலியின் வாழ்நாளை நீட்டும் வழி. பற்களின் தேய்மானத்தை மறைக்கும் வழியும்கூட. கண்ணிகளைக் கழற்றித் தளர்வைப் போக்கலாம். பெருகிய கண்ணி இடைவெளியைப் போக்கமுடியாது. கழன்றுவிழும் சங்கிலி இவ்வாறு தாவும் சங்கிலியாக மாறுகிறது.

பல வேக வண்டிகளில் சுருள்வில்லால் இழுக்கப்படும் கப்பிகள் தளர்வைத் தாமாகவே ஏற்றுக்கொள்கின்றன. அங்கே பணி எந்திரத்துக்கு ஒப்படைக்கப்பட்டது. ஒற்றை வேக வண்டியிலோ மனிதருக்கு ஒப்படைக்கப்பட்டது. கவை நுனியின் பிளவு ஒரு வெற்றிடம். வண்டி செய்தவர் முடிக்காது விட்டு, ஓட்டுபவர் அவ்வப்போது முடித்துக்கொள்ளட்டும் என்று கருதிய இடம்.

பர்மிங்காமிலிருந்து அம்பத்தூருக்கு

இந்தியாவுக்கு மிதிவண்டி பிரித்தானிய இறக்குமதியாக வந்தது. 1910இல் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட 'ஹெர்குலிஸ்' விலை குறைந்த வண்டிகளால் பேரரசுச் சந்தையைப் பிடித்தது. 1946இல் அந்நிறுவனத்தை 'டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்' வாங்கியது. விடுதலைக்குப் பின், 1949இல், டியூப் இன்வெஸ்ட்மெண்ட்சும் சென்னையின் முருகப்பா குழுமமும் இணைந்து 'டி.ஐ. சைக்கிள்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கின. அம்பத்தூரில் அமைந்த அத்தொழிற்சாலை 'ஹெர்குலிஸ்' என்ற பெயரிலேயே வண்டிகளை உருவாக்கியது. அதே காலப்பகுதியில் அசன்சோலில் 'சென்-ராலே'யும், சோனிபத்தில் 1951இல் 'அட்லஸ்' நிறுவனமும், லூதியானாவில் 1956இல் 'ஹீரோ'வும் எழுந்தன. கம்பிப் பிரேக்கும் 28 அங்குலச் சக்கரமும் கொண்ட ஒற்றை வேக வண்டியே இவை யாவற்றின் முதன்மைப் பொருள்.

சங்கிலியைப் பொறுத்தவரை தமிழகத்தின் இடம் தனித்தது. 1960இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசைச் சேர்ந்த 'டைமண்ட் செயின்' நிறுவனத்தின் கூட்டுறவுடன் 'டி.ஐ. டைமண்ட் செயின்' தொடங்கப்பட்டது. கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் நிறுவனமும் 'ரோலான்' என்ற பெயரில் சங்கிலி உற்பத்தியில் முன்னணிக்கு வந்தது. டைமண்ட் நிறுவனத்துக்கு வேறொரு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட வானூர்தியில், எந்திரத்திலிருந்து உந்திகளுக்கு ஆற்றலைக் கடத்தியவை அந்நிறுவனத்தின் சங்கிலிகளே. சோதனையின்போது உந்தித் தண்டுகளில் பல்சக்கரங்கள் தளர்ந்துகொண்டே இருந்தன. அவர்கள் அதைச் சரிசெய்தது மிதிவண்டி டயரை ஒட்டும் பசையால். வானூர்தியின் பிறப்புக் கதையிலும் தளரும் பல்சக்கரமும் மிதிவண்டிப் பட்டறையின் தீர்வும் இடம்பெற்றிருக்கின்றன.

பட்டறை: அறிவு வாழும் இடம்

மேலே கண்ட தொழிற்சாலைகளின் வரலாறு ஆவணங்களில் உண்டு. அவற்றின் வண்டிகளைப் பல பத்தாண்டுகள் ஓடவைத்த பட்டறைகளின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படவில்லை. வாடகை மிதிவண்டிக் கடையும் பழுதுபார்க்கும் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் இயங்கிய காலத்தில், அங்கு வேலை கற்ற சிறுவன் பஞ்சர் ஒட்டுதலையும் சங்கிலி மாட்டுதலையும் முதலில் கற்றான். சக்கரத்துக்குப் பெண்டு எடுத்தல் பின்னர் வந்தது. இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. கழன்ற சங்கிலியை மாட்டுவது எவர்க்கும் எளிது; கழலாதவாறு செய்வது தேர்ச்சி.

அத்தேர்ச்சியின் படிகளைச் சுருக்கமாகப் பதிவு செய்தல் இங்குப் பொருந்தும். முதலில் மிதியைச் சுழற்றிச் சங்கிலியின் இறுக்கத்தைப் பார்க்கவேண்டும். முன் பல்சக்கரம் முற்றிலும் வட்டமாக அமைவது அரிது என்பதால், ஒரு சுற்றுக்குள்ளேயே இறுகும் இடமும் தளரும் இடமும் இருக்கும். மிக இறுகும் இடத்தைக் கண்டு அங்கேயே அளவு கொள்ளவேண்டும். தளர்ந்த இடத்தில் அளவு கொண்டால் மற்றோரிடத்தில் சங்கிலி விறைத்து, அச்சின் குண்டுகளையும் தன்னையும் தேய்த்துக்கொள்ளும். பின்னர் அச்சின் இருபுற மரைகளையும் தளர்த்தி, வலப்புற அட்ஜஸ்டரால் சங்கிலியின் இறுக்கத்தையும், இடப்புறத்தால் சக்கரத்தின் நேர்மையையும் அமைக்கவேண்டும். டயர் இரு கவைகளுக்கும் நடுவில் நிற்பதே நேர்மைக்குச் சான்று. சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் மேலும் கீழும் அசையவேண்டும். சக்கரம் நகர்ந்ததால் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கும், அதையும் சரிசெய்யவேண்டும். செயின் லாக்கைக் கழற்றி மாட்டியிருப்பின், அதன் பிளவுபட்ட பக்கம் சங்கிலி ஓடும் திசைக்கு எதிர்ப்புறம் நோக்கி நிற்கவேண்டும். இல்லையேல் ஏதேனும் உரசும்போது அது கழன்றுவிடும். இவ்வறிவு கைவழியாகவே கடத்தப்பட்டது.

இவ்வறிவின் சமூகப் பரவலும் ஆராயத்தக்கது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்கள் மிதிவண்டி கற்பதை எழுத்தறிவோடு இணைத்தது. ஊர்ப்புறப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் பலர் ஆண்களுக்கான வண்டிகளையே வாங்கியதைப் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பட்டறை ஆண்களின் இடமாகவே இருந்துவந்த சூழலில், வழியில் கழன்ற சங்கிலியைத் தானே மாட்டிக்கொள்ள இயலுவது பயணத்தின் தற்சார்பைத் தீர்மானிக்கும் திறனாகிறது. பின் அச்சின் பிளவு யாரிடம் பணியை ஒப்படைத்தது என்ற வினா இங்கே பாலினம் சார்ந்த வினாவாக விரிகிறது. யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருள் இன்றித் துவிச்சக்கர வண்டியே முதன்மை ஊர்தியானபோதும், வண்டியை ஓடவைக்கும் திறன் வாழ்வாதாரத் திறனாகவே இருந்தது. இவ்விரு களங்களிலும் பழுதுபார்ப்போரின் நினைவுகளைத் தொகுப்பது உடனடித் தேவை.

சொல் வழக்கு

சங்க இலக்கியத்தில் சங்கிலியைக் குறித்த சொற்களுள் 'தொடர்' ஒன்று. புறநானூற்றின் 74ஆம் பாடலில் கட்டுண்ட நாயைப் பற்றிய குறிப்பில் அது வருகிறது. அங்குச் சங்கிலி கட்டுவதற்குரியது. மிதிவண்டியின் சங்கிலியோ இயக்கத்தைக் கடத்துவதற்குரியது. பேச்சுவழக்கு இவ்விரண்டையும் பிரித்து, கட்டுவதைச் 'சங்கிலி' என்றும் கடத்துவதைச் 'செயின்' என்றும் வழங்குகிறது. கழுத்தணிக்கு இரு சொற்களும் வழங்குகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் மிதிவண்டி, பல்சக்கரம் போன்றவை இடம்பெற்றபோதும், பழுதின் வகைகளைப் பிரித்துக்காட்டும் சொற்களில் கருத்துச் செலுத்தப்படவில்லை. ஆனால் பட்டறையில் கழலுதல், தாவுதல், பிடிக்காமை, உரசுதல் என நால்வகைப் பழுதுக்கும் பொருந்தும் தமிழ் வினைகள் இயல்பாகவே உள்ளன. உறுப்பின் பெயர் ஆங்கிலத்திலும் அதன் பழுது தமிழிலும் வழங்குவது, பொருள் இறக்குமதியானாலும் பழுதுபார்ப்பு இங்கேயே வளர்ந்தது என்பதற்கு மொழிவழிச் சான்றாகும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. சங்கிலி, மிதிவண்டியைப் பாதுகாப்பானதாக்கிய அதே வேளையில் தவிர்க்கவியலாத தேய்மானத்தையும் அதனுள் கொண்டுவந்தது. அதை ஒழிக்க முயன்ற வண்டிகள் விலையாலும் சிக்கலாலும் பின்தங்கின. ஃப்ரீவீல் அப்பழுதை ஆபத்திலிருந்து தொல்லையாக மாற்றியது. அரை அங்குலத் தரப்பாடு உதிரியை எங்கும் கிடைக்கச் செய்தது. பின் அச்சின் பிளவு சரிசெய்யும் பணியைப் பயன்படுத்துவோரிடம் ஒப்படைத்தது. எனவே, பழுது நீடித்தமை தொழில்நுட்பத் தேக்கத்தின் அடையாளமன்று. பழுதைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் ஏற்பாடு நிலைத்ததன் அடையாளம்.

அவ்வேற்பாட்டின் மறுபாதியாக இருந்தவர்கள் பட்டறைக்காரர்கள். வாடகை மிதிவண்டிக் கடைகள் மறைந்து, பட்டறைகளும் குறைந்துவரும் இக்காலத்தில், அவர்களின் அறிவு எழுத்தில் ஏறாமலே மறையும் நிலையில் உள்ளது. தொழிற்சாலையின் தொடக்க ஆண்டைப் பதிவு செய்யும் வரலாறு, அங்கு உருவான வண்டியின் சங்கிலியை மரத்தடியில் அமர்ந்து இறுக்கியவரின் அறிவையும் பதிவு செய்யும்போதே முழுமைபெறும்.